பேட்டரி கம்ப்ரஸரும் நம்மூர் ஈரக்காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இம்முறை ஒரே பொருளைப் பற்றியவை. கையில் தூக்கிக்கொண்டு போகிற, பேட்டரியில் ஓடுகிற ஹை பிரஷர் கம்ப்ரஸர். கிளப்பில் குறி பழகுகிறவர்கள் ஏர் ரைஃபிளுக்குக் காற்றடிக்க இதை வாங்குகிறார்கள். வாங்கிய சில மாதங்களில் ஏதோ ஒன்று கெட்டுப் போகிறது. எழுதியவர்களில் பலருக்கும் அப்படித்தான். கெடுப்பது பெரும்பாலும் இரண்டே பொருள்கள்: தண்ணீர், சூடு. இரண்டுக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஆகவே பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறோம்.

கேள்வி: ஐயா, என்னுடையது லைசென்ஸ் உள்ள 4.5 மில்லிமீட்டர் போட்டி ரைஃபிள். இதுவரை கை பம்ப்தான். முழங்கை வலி தாங்கவில்லை. பேட்டரி கம்ப்ரஸர் எனக்குப் போதுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– கிளப் உறுப்பினர், சுங்கை சிப்புட்

போதும். போதுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, ஏற்ற வேண்டிய பார் (காற்றழுத்தத்தின் அலகு) அளவால் பெருக்குங்கள். வருவது வெளிக்காற்று எத்தனை லிட்டர் தேவை என்ற எண். கால் லிட்டர் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற, 0.25 பெருக்கல் 100, அதாவது 25 லிட்டர் காற்று. மெஷின் நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளினால் நாலு நிமிடம் சொச்சத்தில் வேலை முடிந்தது. இந்த அளவு வேலைக்குத்தான் இந்தச் சின்ன மெஷின்.

கடைக்காரர் '300 பார் வரை போகும்' என்று மட்டும் சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 300 பார் என்பது ஏறக்குறைய 4,350 பி.எஸ்.ஐ. அந்த அளவை எட்டுவது வேறு, எத்தனை நிமிடத்தில் எட்டுகிறது என்பது வேறு. எத்தனை லிட்டர் சிலிண்டரை, எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தத்துக்கு, எத்தனை நிமிடத்தில் என்று கேளுங்கள். நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம், பிறகு எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும். குறித்த அழுத்தத்தில் தானே நிற்கும் வசதி, அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியே விடும் பர்ஸ்ட் டிஸ்க், தண்ணீரை வெளியேற்றும் திருகு ஆகிய மூன்றும் இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

மாற்று ஓ-ரிங், பிஸ்டன் ரிங் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன வளையத்துக்காக மெஷின் முழுவதையும் தூக்கிப்போட வேண்டி வரும்.

நண்பர் காற்றைச் சேமித்து வைக்கும் 6.8 லிட்டர் பெரிய பாட்டிலையும் இதிலேயே நிரப்பலாம் என்று எண்ண வேண்டாம். காலி பாட்டிலை 300 பாருக்கு ஏற்ற 2,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். அதே மெஷின் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். ஆறவிடும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும், பிஸ்டன் ரிங்கும் கூடவே போய்விடும்.

கேள்வி: என் மகள் பள்ளி மாணவி, 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். பயிற்சிக்கு அழைத்துப் போவது நான்தான். காற்றடிப்பதை நானே செய்ய வேண்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது. முறையாகச் சொல்லித் தாருங்கள்.
– ஒரு தாயார், லிந்தாங் சாலை

பயம் இருப்பது நல்லதுதான் அம்மா. 200 பார் என்றால் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஏறத்தாழ 200 கிலோ எடை அழுத்துகிறது. பத்துக் கிலோ அரிசிப் பை இருபதை அந்த நகத்தின் மேல் அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிசை தவறாமல் செய்தால் இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கிளப்பின் ரேஞ்ச் அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது, ரேஞ்சிலேயே செய்யுங்கள்.

முதலில் ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை மகளும் நீங்களும் தனித்தனியே பார்த்து உறுதி செய்யுங்கள். குழல் குறிப்பலகைப் பக்கம். கழற்றக்கூடிய சிலிண்டர் என்றால் அதைக் கழற்றித் தனியே நிரப்புவது இன்னும் நல்லது. பிறகு சிலிண்டரில் பொறித்திருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைப் படியுங்கள். போட்டி ரைஃபிள்களில் பெரும்பாலும் 200 பார். மெஷின் நிற்க வேண்டிய அளவை அதற்கு மேல் ஒரு பார்கூட வைக்காதீர்கள். 190-இல் வைத்தால் போதும். 10 பார் குறைவதால் சில குண்டுகள்தான் குறையும்.

மெஷினைச் சமமான, தூசியில்லாத இடத்தில் வையுங்கள். செம்மண் தரையில் வைத்தால் விசிறி அந்தப் புழுதியை இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு பலகை போடுங்கள். ஹோஸ் முனையிலும் சிலிண்டர் வாயிலும் மணல், நூல், தலைமுடி இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமான துணியால் துடைத்த பிறகு மாட்டுங்கள். ஹோஸ் முனையின் இணைப்பான கப்ளர் 'டக்'கென்று உட்கார்ந்ததும் லேசாக இழுத்துப் பாருங்கள். கழன்று வரக் கூடாது.

வெளியேற்றும் திருகைத் திறந்தபடியே மெஷினை ஓடவிடுங்கள். மோட்டார் சுமையில்லாமல் கிளம்பும். இரண்டு மூன்று விநாடி கழித்துத் திருகை விரலால் மூடுங்கள். குறடு வேண்டாம், விரல் இறுக்கமே போதும். குறடு போட்டு இறுக்கினால் திருகின் இருக்கை நசுங்கி, அதன் பிறகு எப்போதும் கசியும். முதலில் மெஷினின் முள் விறுவிறுவென்று ஏறும். ரைஃபிளில் ஏற்கெனவே உள்ள அழுத்தத்தைத் தொட்டதும் ஒரு கணம் தயங்கி, அதன் பிறகு மெதுவாக ஏறும். அந்தத் தயக்கத்தில்தான் ரைஃபிளின் வால்வு திறந்து காற்று உள்ளே போகத் தொடங்குகிறது.

மெஷின் நின்றதும் திருகைத் திறந்து ஹோஸில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே போன காற்று திரும்பி வராது, ரைஃபிளின் ஒருவழி வால்வு தடுத்துவிடும். ஹோஸ் முள் சுழிக்கு வந்த பிறகுதான் கப்ளரைக் கழற்ற வேண்டும். கழற்ற வரவில்லை, இறுக்கிப் பிடிக்கிறது என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. ஒருபோதும் பலவந்தம் செய்யாதீர்கள். ஹோஸ் பாம்பாகச் சீறி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் காதடைப்பும் குறி பார்க்கும்போது மட்டுமல்ல, காற்றடிக்கும்போதும் வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டதும் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில்தான். நிதானம்தான் இந்த விளையாட்டுக்கு எல்லாம். மகளுக்கு எங்கள் வாழ்த்து.

கேள்வி: மூன்று மாதத்தில் ரைஃபிளின் ரெகுலேட்டர் (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம் தரும் பாகம்) வேலை செய்யவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக் உள்ளே துரு, தண்ணீர் என்கிறார். மழையில் நனைக்கவே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது?
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

காற்றிலிருந்துதான் வந்தது. நம் ஊர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 21 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. விடியற்காலை 24 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றாலும் ஏறக்குறைய இதே அளவுதான். மத்தியானம் 32 டிகிரியில் ஈரப்பதம் 62 சதவீதமாகக் குறைந்தாலும் இதே அளவுதான். 'வெயில் நேரத்தில் காற்று காய்ந்திருக்கும், அப்போது அடித்தால் நல்லது' என்று பலரும் நம்புகிறார்கள். சதவீதம் குறைகிறதே தவிர தண்ணீர் குறைவதில்லை. மத்தியானத்தில் மெஷின் கூடுதலாகச் சூடாவதுதான் மிச்சம்.

ஒரு முறை 25 லிட்டர் காற்று அடித்தால் அதில் அரை கிராம் தண்ணீர், பத்துச் சொட்டு. வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று மாதம் என்று கணக்குப் பாருங்கள். 12 கிராமுக்கு மேல். இது முழுவதும் ரைஃபிளுக்குள் போகாது, ஆனால் வடிகட்டாவிட்டால் கணிசமான பங்கு போகும். அதன் வேலையைத்தான் உங்கள் மெக்கானிக் பார்த்திருக்கிறார்.

இதைத் தடுக்க வழி உண்டு. காற்றை 200 பாருக்கு நெருக்கினால் ஆவி தானாகவே நீராகிவிடும், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி. அந்த நீரை ரைஃபிளுக்கு முன்னாலேயே ஒரு ஃபில்டரில் பிடித்துவிட்டால் போதும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: காற்று ஆறியிருக்க வேண்டும், அழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும்.

ஆறியிருக்க வேண்டும் என்றால் ஃபில்டர் மெஷினின் தலையோடு ஒட்டி இருக்கக் கூடாது. தலைப்பக்கம் 70 டிகிரி இருந்தால் காற்று பிடித்து வைத்திருக்கும் ஆவி, 35 டிகிரியில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. ஆகவே மெஷினுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு ஹோஸ் துண்டு கொடுத்துத் தள்ளி வையுங்கள். ஃபில்டரை நெட்டுக்குத்தாக நிறுத்தி, வெளியேற்றும் திருகு அடியில் வரும்படி வையுங்கள். ஃபில்டர் உடம்பில் ஈரத் துணி சுற்றினால் இன்னும் நல்லது.

அழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ரைஃபிளைச் சுத்தமாகக் காலியாக்கிவிட்டு அடித்தால், தொடக்கத்தில் காற்று குறைந்த அழுத்தத்திலேயே ஃபில்டரைக் கடந்துவிடும். நீராக மாறாமல் ஆவியாகவே உள்ளே போய், அங்கே அழுத்தம் ஏறியதும் நீராகும். 100 பாருக்குக் கீழே இறங்கவிடாமல் அவ்வப்போது நிரப்பிக்கொண்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். செலவில்லாத வழி இது, எல்லாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வோம்.

ஏர்கான் அறையில் அடிக்க முடிந்தால் அதைவிடச் சிறப்பு. 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஒரு கன மீட்டருக்கு 12 கிராம்தான். வெளியில் இருப்பதில் பாதிக்குச் சற்றே கூடுதல். மெஷினும் அவ்வளவு சூடாகாது.

ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சு சொட்டைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அது பழுப்பேறினால் அல்லது தொட்டால் ஈரமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு அடுத்து ஒரு மாலிகுலர் சீவ் குப்பி இருந்தால் மிச்ச ஆவியையும் அது உறிஞ்சும். ஆனால் சொட்டு நீர் நேராக அதில் பட்டால் சீக்கிரம் நிறைந்து பயனற்றுப் போகும். வரிசை முக்கியம்: முதலில் ஆறும் ஹோஸ், அடுத்து பஞ்சு, கடைசியில் சீவ்.

ஓடும்போது நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை திருகை ஒரு விநாடி திறந்து மூடுங்கள். அப்போது திருகின் வாய்க்கு நேரே ஒரு வெள்ளைத் துணியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், கையை அருகில் கொண்டுபோகாமல். வெறும் தெளிந்த நீர்த் துளிகள் என்றால் எல்லாம் சரி. பால்போல் வெளுத்து, விரலில் வழுக்கினால் எண்ணெயும் நீரும் கலந்து வருகிறது. சாம்பலும் கறுப்புமாகப் பொடி ஒட்டினால் பிஸ்டன் ரிங் தேய்கிறது. எதுவுமே வராமல் துணி காய்ந்தே இருந்தால் மகிழ வேண்டாம். தண்ணீர் ஃபில்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: மெஷினை காடியில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினேன், ஃபியூஸ் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் பேட்டரியில் மாட்டலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட் புதுக்குடியிருப்பு

இரண்டும் கூடாது. 300 வாட் மெஷின் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் ஓட்டையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அது போனதால்தான் ஒயர் எரியாமல் தப்பியது. பெரிய ஃபியூஸ் போட்டு மறுபடி முயலாதீர்கள், அப்புறம் எரிவது ஒயர்தான். கப்சாய் மோட்டாரின் பேட்டரி 5 ஆம்பியர்-மணி அளவுதான். அதிலிருந்து 25 ஆம்பியர் உருவினால் சில நிமிடத்தில் செத்துவிடும்.

காடி பேட்டரியின் முனைகளில் நேராக கிளிப் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுச் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு 4 ஆம்பியர்-மணி சொச்சம்தான் செலவாகும், காடி பேட்டரிக்கு அது பெரிதல்ல. ஆனால் மூடிய போர்ச்சுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகை உங்களுக்கும் கெடுதல், கம்ப்ரஸர் அதை உள்ளிழுப்பதும் கெடுதல். மெஷினை எக்ஸாஸ்ட் குழாய்க்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

ஒயரை நீட்டுபவர்கள் மெல்லிய ஒயரில் நீட்டுவதும் பெரிய தவறு. 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர 6 மீட்டரில் 1 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். மோட்டார் திணறும், சூடாகும், மெஷினே கெட்டுவிட்டதாகத் தோன்றும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் நஷ்டம் அரை வோல்ட்டுக்குள் நிற்கும்.

டிரில்லுக்குப் போடுகிற லித்தியம் பேட்டரியில் ஓடும் மெஷின் என்றால், 18 வோல்ட் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணி. 300 வாட் மெஷினுக்குக் கணக்குப்படி 14 நிமிடம், நடைமுறையில் அதற்கும் குறைவு. கையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காடிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணே, நான் டயர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என் பெரிய கம்ப்ரஸரிலேயே ரைஃபிளுக்கு அடிக்க முடியாதா? இல்லையென்றால் இந்தச் சின்ன மெஷின் ஒன்று வாங்கி, ஆளுக்குப் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், சுங்கை சிப்புட்

உங்கள் பெரிய கம்ப்ரஸர் 8 முதல் 10 பார் வரைதான் போகும் தம்பி. தொட்டி பெரியது, அழுத்தம் சிறியது. ரைஃபிளுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. ஏதாவது அடாப்டர் செய்து இணைத்தால் ரைஃபிளின் வால்வே திறக்காது.

இரண்டாவது யோசனையை இப்போதே கைவிடுங்கள். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லில் ஏர் கன்னும் அடங்கும், அதன் பாகங்களும் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் சொந்தமாக வைத்திருப்பது மட்டுமல்ல, சற்று நேரம் கைவசம் இருப்பதும் குற்றம். வாடிக்கையாளர் ரைஃபிளை உங்கள் கடையில் விட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டால், அந்த அரை மணி நேரம் அது உங்கள் கைவசம்தான். கழற்றிய சிலிண்டரை மட்டும் கொண்டு வரட்டுமே என்றால், பாகம் என்ற கேள்வி அங்கேயும் வரும். மெஷின் வைத்திருப்பதில் தவறில்லை. அதை ரேஞ்சுக்குக் கொண்டுபோய், லைசென்ஸ்காரர் தன் துப்பாக்கியைத் தானே பிடித்திருக்க அடித்துத் தருவது பற்றி முதலில் கிளப்பிடமும் பாலாய் போலீஸிலும் கேளுங்கள். அவர்கள் சரியென்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

கேள்வி: 200 பார் அடித்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் 186. கசிகிறதா?
– வாசகர், குவாலா கங்சார்

கசியவில்லை, ஆறியிருக்கிறது. நிரப்பும்போது காற்று சூடாகும். உள்ளே 50 டிகிரியில் 200 பார் இருந்தது 28 டிகிரிக்கு ஆறினால் 186-தான் காட்டும். அதற்காக 215 வரை ஏற்றிவைக்க நினைக்காதீர்கள். ஆறவிட்டு, மறுபடி 200 வரை கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஏர்கான் அறையில் 23 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், வெயிலில் நின்ற காடியில் 60 டிகிரி ஆனால் 225 பார் ஆகிவிடும்.

உண்மையாகக் கசிகிறதா என்று பார்க்க, நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து முள்ளைக் குறித்து, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் இணைப்புகளில் தடவுங்கள். பெரிய குமிழி தேட வேண்டாம். பொடிப்பொடியாக நுரை சேர்ந்துகொண்டே வரும் இடம்தான் கசிவு.

கேள்வி: மெஷின் 150 பாரில் நின்றுவிடுகிறது. ஓடுகிறது, சத்தம் வருகிறது, முள் நகரவில்லை.
– இரண்டு வாசகர்கள் எழுதியது

கோளாறு மெஷினிலா, ரைஃபிளிலா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். மெஷினோடு வந்த அடைப்பானை ஹோஸ் முனையில் மாட்டி, நிற்கும் அளவை 200-இல் வைத்து, கையை ஸ்விட்சிலேயே வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஹோஸுக்குள் இடமே இல்லாததால் சில விநாடியில் 200-ஐத் தொட்டு நின்றுவிட வேண்டும். தொட்டால் மெஷின் நல்லது, ரைஃபிள் பக்கம் கசிவு. தொடாவிட்டால் மெஷினில்தான் கோளாறு. தொட்டும் நிற்காமல் மேலே போனால் உடனே கையால் நிறுத்துங்கள். தானே நிற்கும் பாகம் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யும் வரை மெஷினைத் தொடாதீர்கள்.

மெஷினில் கோளாறு என்றால் 100 பார் வரை ஏற்றி நிறுத்திவிட்டு முள்ளைக் கவனியுங்கள். நிறுத்தியதும் முள் தானாக இறங்கி, வெளியில் சோப்பு நுரை எங்கும் வரவில்லை என்றால், வெளிப்பக்க ஒருவழி வால்வு பின்னோக்கிக் கசிகிறது. பெரும்பாலும் அதில் ஒரு துகள் சிக்கியிருக்கும், கழற்றித் துடைத்தால் சரியாகும். நிறுத்தினால் முள் அப்படியே நிற்கிறது, ஓட்டினால் ஏறவில்லை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இந்த மெஷின்களில் இரண்டு பிஸ்டன்: பெரியது முதலில் நெருக்கும், சின்னது கடைசியாக நெருக்கும். தேய்வது பெரும்பாலும் சின்னதன் ரிங். ஆறவிடாமல் ஓட்டியதுதான் பெரும்பாலும் காரணம். ரிங் சூட்டில் இளகி, உருளையின் சுவரில் தேய்ந்து, கறுப்புப் பொடியாகிவிடும்.

இது திடீரென்று வருவதில்லை. ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணை எழுதிவையுங்கள்: தொடங்கிய அழுத்தம், முடிந்த அழுத்தம், எத்தனை நிமிடம். புதிதில் 100-லிருந்து 200-க்கு நாலு நிமிடம் ஆனது ஐந்தானால் கவனியுங்கள். ஆறானால் ரிங் வாங்குங்கள். 150-இல் நிற்கும் நாள் வரும் முன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்று: பாதியில் நிறுத்தி ஆறவிட்ட பிறகு, ஹோஸ் காற்றை வெளியேற்றாமல் மறுபடி ஸ்விட்ச் போடாதீர்கள். 150 பார் எதிர்த்து நிற்கும்போது இந்தச் சின்ன மோட்டாரால் கிளம்ப முடியாது. உறுமிக்கொண்டு நிற்கும், ஃபியூஸ் போகும்.

கேள்வி: ரைஃபிள் முழுக்கக் காலி. எவ்வளவு அடித்தாலும் குழல் வழியே உஸ்ஸென்று போய்விடுகிறது.
– கிளப் உறுப்பினர்

சுடும்போது வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் ஒன்று ரைஃபிளுக்குள் உண்டு; அதன் ஸ்பிரிங் வால்வைத் தள்ளித் திறந்து வைத்திருக்கிறது. அழுத்தம் இருந்தால் அதுவே வால்வை மூடிவிடும், காலியில் மூடாது. இந்தச் சின்ன மெஷினின் காற்றோட்டம் அதை வெல்லப் போதாது. குண்டு இல்லாமல், குழலைக் குறிப்பலகைப் பக்கம் வைத்து, ரைஃபிளைக் காக் செய்யுங்கள். சுத்தியல் பின்னால் போனதும் வால்வு மூடும், காற்று நிற்கும். விசைப் பக்கம் விரல் போகக் கூடாது. நிரம்பிய பிறகு கையேட்டில் சொன்னபடி சுத்தியலை இறக்குங்கள்.

கேள்வி: ஓ-ரிங் காய்ந்திருக்கிறது. மோட்டார் கிரீஸ் தடவலாமா? தேங்காய் எண்ணெய்?
– வாசகர், சுங்கை சிப்புட்

கூடவே கூடாது, இரண்டுமே கூடாது. கிரீஸோ, எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால், டீசல் இன்ஜினுக்குள் நடப்பதுபோல் நெருக்கத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். சிலிண்டருக்குள் அது வெடிப்பு. தூய சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே, அதுவும் கடுகளவு. விரல்களுக்கு நடுவே ஓ-ரிங்கை உருட்டினால் பளபளப்பு தெரிய வேண்டும், பூச்சு தெரியக் கூடாது. நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். தடம் அப்படியே நின்றுவிட்டால், அல்லது வட்டமான ரிங் தட்டையாகியிருந்தால் கிரீஸ் உதவாது, புதியது போடுங்கள். சாதாரணக் குழாய்க் கடை வாஷர் வேண்டாம், 90 டூரோமீட்டர் கடினத்தன்மை உள்ள ஓ-ரிங்காகக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் ஊற்றி ஓட்டும் வகை மெஷின் என்றால் கையேட்டில் பெயர் சொன்ன எண்ணெய் மட்டும். வெல்டிங் கடை ஆக்ஸிஜனை ரைஃபிளில் நிரப்பலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். உயிர் போகும். வேண்டாம்.

கேள்வி: இதே மெஷினில் டயருக்கும் அடிக்கலாமா?
– ட்ராக்டர் ஓட்டுநர்

அவசரத்துக்கு காடி டயருக்கு அடிக்கலாம், கையேடு அனுமதித்தால். காற்று இறங்கிய டயருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ட்ராக்டர் பின்சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. அதற்கு டயர் பம்ப்தான் சரி.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குரங்குத் தொல்லை. ஏர் ரைஃபிளால் விரட்டலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர்

கூடாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை பாதுகாக்கப்பட்ட விலங்குகள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஒரு சுடும் வீரரின் ரைஃபிளை முறைப்படி லைசென்ஸ் மாற்றி வாங்குகிறேன். சிலிண்டர் பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. அப்படியே நிரப்பலாமா?
– கிளப் உறுப்பினர், சுங்கை சிப்புட்

சிலிண்டரைக் கழற்றி, கழுத்துப் பக்கம் பொறித்த தேதியைப் பாருங்கள். அனைத்துலகப் போட்டி விதிப்படி காற்றுச் சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் பத்து ஆண்டு. தேதி கடந்திருந்தால் பளபளப்பை நம்பாமல் மாற்றுங்கள். ஈரக்காற்று அடித்த சிலிண்டர் வெளியே பளபளக்கும், உள்ளே அரித்திருக்கும். ஆட்டிப் பாருங்கள். பொடி சலசலத்தாலோ, வாயில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தாலோ தேதி எதுவானாலும் நிரப்ப வேண்டாம். வாய் மரையில் ஒரு பற்கூட மழுங்கியிருக்கக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் முறை ஒரேயடியாக 200-க்குப் போகாதீர்கள். 50-இல் நிறுத்தி சோப்புத் தண்ணீர் தடவுங்கள், 100-இல் ஒரு முறை, 150-இல் ஒரு முறை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் விட்டு, ரைஃபிளின் முள்ளும் மெஷினின் முள்ளும் ஒன்றையே காட்டுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பத்து பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எது சரி என்று தெரியும் வரை, அதிகம் காட்டும் முள்ளையே நம்பி நிறுத்துங்கள்.